மூன்று தீவுகள் கூறும் வரலாறு



கிரேக்க நாட்டின் வரலாறு என்றவுடன் ஏதென்சும் ஸ்பார்ட்டாவுமே நம் நினைவுக்கு வருகின்றன. பாடநூல்கள் அவற்றை விரித்துரைக்கின்றன. தேர்வுத் தாள்களிலும் அவை பற்றிய வினாக்களே மிகுதி. நாட்டுப் படத்தில் ஏதென்சுக்குத் தெற்கே, சரோனிக் வளைகுடாவில், கடுகு சிதறினாற்போலச் சில புள்ளிகள் காணப்படும். அவற்றின் பெயரை எவரும் வினவுவதில்லை. அப்புள்ளிகளுள் மூன்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். விடுதலை என்பது யாருக்கு உரியது என்னும் பழைய வினாவுக்குப் பெருநகரங்களைக் காட்டிலும் இச்சிறு தீவுகள் தெளிவாக விடை கூறுகின்றன.

ஏதென்சின் துறைமுகம் பிரேயஸ். அங்கிருந்து காலையிற் புறப்பட்டு, ஹைட்ரா, போரோஸ், ஏகினா என்னும் மூன்று தீவுகளையும் காட்டி, மாலையில் மீண்டு வரும் பயணக் கப்பல்கள் உண்டு. பணியினின்றும் ஓய்வு பெற்றபின் அந்நாட்டைக் காணச் சென்ற நான், அத்தகைய கப்பல் ஒன்றில் ஒரு பகற்பொழுதைக் கழித்தேன். மேல்தளத்தில் நின்றால் ஒரு தீவு மறையும் முன்னரே மற்றொரு தீவு தோன்றிவிடும். யவனர் கடலோடிகளாய் விளங்கியதன் காரணத்தை அக்காட்சியே உணர்த்தும். கரையைக் கண்ணாற் கண்டுகொண்டே கலம் செலுத்தக்கூடிய கடல் அது. சங்கப் பாடல்களில் யவனரின் கலங்களைப் பற்றிக் கற்ற நமக்கு, அவர்கள் மரக்கலம் செலுத்தப் பழகிய நீர்ப்பரப்பைக் காண்பது தனி இன்பம் தருவதாகும்.

முதலில் கப்பல் நின்ற இடம் ஹைட்ரா. பாறை நிறைந்த தீவு. உழுவதற்கு நிலம் மிகக் குறைவு. இன்றும் அங்கே மக்கள் ஏறிச் செல்லும் மோட்டார் வண்டிகள் இல்லை. மூட்டைகளைச் சுமப்பன கழுதைகளும் கோவேறு கழுதைகளுமே. துறைமுகத்தைச் சுற்றிலும் சாம்பல் நிறக் கற்களாலான மாளிகைகள் படிப்படியாக உயர்ந்து நிற்கின்றன. விளைவில்லாத தீவில் இம்மாளிகைகள் எவ்வாறு எழுந்தன? நெப்போலியன் காலத்துப் போர்களின்போது ஆங்கிலேயர் கடல்வழிகளை அடைத்திருந்தனர். அவ்வடைப்பையும் மீறித் தானியக் கப்பல்களை மேற்கு நாடுகளுக்குச் செலுத்தி ஹைட்ராவின் வணிகர் பெருஞ்செல்வம் ஈட்டினர். நிலம் மறுத்ததைக் கடல் கொடுத்தது.

1821-ஆம் ஆண்டில் துருக்கியரின் ஆட்சிக்கு எதிராகக் கிரேக்கர் கிளர்ந்தெழுந்தனர். அப்போது ஹைட்ராவின் செல்வர்கள் உடனே எழுந்துவிடவில்லை. தங்கள் தீவைத் தாங்களே ஆளும் சலுகை அவர்களுக்கு இருந்தது. இழப்பதற்கு அவர்களிடம் பொருளும் இருந்தது. ஆன்டோனிஸ் இகோனோமு என்னும் கப்பல் தலைவரே எளிய மாலுமிகளைத் திரட்டித் தீவைக் கிளர்ச்சியிற் சேர்த்தார். பின்னர் அவரை ஒதுக்கிவிட்டுச் செல்வர்கள் தலைமையை ஏற்றனர். அவ்வாண்டு முடியும் முன்னரே இகோனோமு கொலையுண்டார். ஆயினும் களத்தில் இறங்கிய பின் அச்செல்வர்கள் தம் பொருளையும் கலங்களையும் வாரி வழங்கினர் என்பதும் மறுக்கவொண்ணாதது. வணிகக் கப்பல்கள் போர்க் கப்பல்களாயின. பழைய கலங்களில் எரிபொருள்களை நிரப்பித் தீயிட்டுப் பகைவரின் பெருங்கப்பல்களோடு பிணைத்துவிடும் முறையால் கிரேக்க மாலுமிகள் பேரரசின் கடற்படையை நடுங்கச் செய்தனர். அப்படைக்குத் தலைமை தாங்கிய ஆந்திரேயாஸ் மியாவுலிஸ் என்னும் பெருவீரரைத் தந்ததும் ஹைட்ராவே.

அடுத்து நாங்கள் சென்றது போரோஸ். பெருநிலத்தினின்றும் இத்தீவைப் பிரிக்கும் நீர்வழி மிகக் குறுகியது. ஆறு ஒன்றினூடே செல்வது போலவே தோன்றும். அமைதி ததும்பும் இத்துறையில் 1831-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். விடுதலை பெற்ற கிரேக்கத்தின் முதல் ஆட்சித் தலைவர் கபோடிஸ்ட்ரியாஸ். போரில் தாங்கள் இழந்த பொருளுக்கு ஈடு வேண்டுமென ஹைட்ராவின் கப்பல் முதலாளிகள் அவரிடம் கேட்டனர். பகை முற்றியது. மியாவுலிஸ் போரோசுக்கு வந்து அரசின் போர்க்கப்பல்களைக் கைப்பற்றினார். அவற்றைத் திரும்பப் பெற ரஷ்யக் கடற்படையின் துணையை அரசு நாடியது. கப்பல்களை ஒப்படைப்பதினும் அழிப்பதே மேல் என முடிவு செய்த மியாவுலிஸ், அவற்றுக்குத் தம் கையாலேயே அழிவு தேடினார். அமெரிக்காவில் கடன் பணத்தில் கட்டுவிக்கப்பட்ட ‘ஹெல்லாஸ்’ என்னும் பெருங்கப்பல் வெடித்துச் சிதறியது. பகைவரால் அழிக்கமுடியாத கடற்படையை அதன் தலைவரே அழித்தார். இரண்டு திங்களுக்குள் கபோடிஸ்ட்ரியாசும் நாப்லியோன் நகரில் தம் நாட்டவர் கையாலேயே மடிந்தார்.

அதே தீவின் மேட்டுநிலத்தில் பொசைடன் என்னும் கடற்கடவுளின் கோயில் இருந்தது. இன்று எஞ்சியிருப்பவை அடித்தளக் கற்களே. ஏதென்சின் விடுதலைக்காக மாசிடோனியாவை எதிர்த்து வாழ்நாளெல்லாம் முழங்கிய டெமாஸ்தனிஸ், கி.மு. 322-இல் தம் நகரம் தோல்வியுற்றபின் இங்கேதான் அடைக்கலம் புகுந்தார். படைவீரர் வந்து சூழ்ந்தனர். வீட்டாருக்கு ஒரு மடல் எழுதவேண்டும் எனக் கூறி, எழுதுகோலில் மறைத்து வைத்திருந்த நஞ்சை அவர் உண்டார் என்றும், கோயிலின் தூய்மை கெடலாகாதெனத் தள்ளாடி வெளியே வந்து வீழ்ந்தார் என்றும் புளூட்டார்க் எழுதுகிறார்.

இக்கோயிலைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. பண்டை நாளில் ஏழு நகரங்கள் கூடி இங்கே பொதுவாக வழிபாடு நடத்தின. அவ்வேழனுள் ஏதென்சும் ஒன்று, ஏகினாவும் ஒன்று. ஒரே பலிபீடத்தின் முன் நின்ற இவ்விருவரின் கதையே நான் சொல்லவந்ததில் தலையாயது.

ஏகினாவின் துறையில் இறங்குவோரைப் பழைய கோயிலொன்றின் ஒற்றைத் தூண் வரவேற்கிறது. தீவின் வடகிழக்கில் ஒரு குன்றின்மேல் அபாயா என்னும் தெய்வத்தின் கோயில் கி.மு. 500-ஐ ஒட்டி எழுந்தது. அதன் சிற்பங்களை இன்று ஜெர்மனியின் மியூனிக் நகரிலேதான் காணவேண்டும். ஐரோப்பியக் கிரேக்கத்தில் முதன்முதலாக வெள்ளி நாணயம் அடித்தவர்கள் ஏகினா மக்களே எனக் கருதுகின்றனர். அந்நாணயத்தில் கடலாமையின் உருவம் பொறிக்கப்பட்டிருந்தது. ஆமை பொறித்த காசு பல துறைமுகங்களிலும் செல்லுபடியாயிற்று.

அண்டையில் இருந்த ஏதென்ஸ் இதைக் கண்டு பொறாமை கொண்டது. கி.மு. 483-ஐ ஒட்டி லாரியோன் சுரங்கத்தில் கிடைத்த வெள்ளியைக் கொண்டு கப்பல்கள் கட்டுமாறு தெமிஸ்டாக்ளிஸ் ஏதெனியரைத் தூண்டினார். அதற்கு அவர் காட்டிய காரணம் பாரசீகம் அன்று. ஏகினாவோடு நிகழ்ந்த போரே. மூன்றாண்டுகளில் பாரசீகப் பெரும்படை வந்தது. பழம்பகையை இருவரும் மறந்தனர். ஏதெனியர் தங்கள் நகரைக் காலி செய்து, பெண்டிரையும் பிள்ளைகளையும் பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பினர். அவ்வாறு அடைக்கலம் தந்த இடங்களுள் ஏகினாவும் ஒன்று. கி.மு. 480-இல் சாலமிஸ் கடற்போரில் மற்றெல்லாரினும் சிறப்பாகப் போரிட்டவர் என்னும் புகழை ஏகினாவின் வீரரே பெற்றனர் என்று ஹெரடோட்டஸ் குறிக்கிறார்.

நண்பர்களே, அதன்பின் நிகழ்ந்ததுதான் நம் சிந்தனைக்கு உரியது. கடலாட்சி பெற்ற ஏதென்ஸ், கி.மு. 457-ஐ ஒட்டி ஏகினாவை முற்றுகையிட்டுப் பணியவைத்து, ஆண்டுக்கு 30 தாலந்து வெள்ளி திறையாக விதித்தது. கி.மு. 431-இல் ஏகினா மக்களை, ஆண் பெண் குழந்தைகள் அனைவரையும், தீவினின்றே வெளியேற்றித் தன் குடிகளை அங்கே அமர்த்தியது. தன் பெண்டு பிள்ளைகளுக்குப் புகலிடம் தந்த தீவின் பெண்டு பிள்ளைகளை 49 ஆண்டுகள் கழித்து ஏதென்ஸ் அகதிகளாக்கிற்று. ஸ்பார்ட்டா அவர்களுக்குத் தைரியா என்னுமிடத்தில் நிலம் தந்தது. கி.மு. 424-இல் அங்கும் சென்ற ஏதெனியர், அகப்பட்டோரைச் சிறைப்பிடித்துக் கொண்டுபோய்க் கொன்றனர். கி.மு. 405-இல் எஞ்சிய சிலரை ஸ்பார்ட்டாவின் தளபதி லைசாண்டர் மீண்டும் தீவில் குடியேற்றினார். இக்காலத்தில் ஏகினாவின் காசில் கடலாமை மறைந்து நிலத்தாமை இடம்பெற்றது. கடலை இழந்ததன் அடையாளம் அஃது என்பர் அறிஞர் சிலர்.

ஏதென்சைப் பழிப்பது என் நோக்கமன்று. மக்களாட்சி, நாடகம், தத்துவம் ஆகியவற்றில் உலகம் அந்நகருக்குப் பட்ட கடன் பெரிது. ஆயினும் மக்களாட்சி நடத்திய அதே மன்றத்தினரே அயலாரை நாடு கடத்தவும் ஒப்புதல் தந்தனர் என்பதை மாணவர்கள் மறத்தலாகாது. தன் விடுதலையைக் காப்பது வீரம்; பிறர் விடுதலையைப் போற்றுவது அறம். முன்னதில் ஏதென்சை வென்றோர் இலர். பின்னதில் அது தவறியது. இருபத்தேழு ஆண்டுப் போரின் முடிவில் தன் மதில்களையும் இழந்தது.

ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின் 1828-இல் விடுதலை பெற்ற கிரேக்கத்தின் ஆட்சி தொடங்கிய இடமும் ஏகினாவே. புதிய அரசின் முதல் நாணயம் அங்கேயே அடிக்கப்பட்டது. சாம்பலினின்றும் உயிர்த்தெழும் பீனிக்ஸ் பறவை அதன் சின்னம். போரில் பெற்றோரை இழந்த சிறுவர்களுக்காக கபோடிஸ்ட்ரியாஸ் ஒரு பெரும் இல்லத்தையும் அங்கே எழுப்பினார். பிற்காலத்தில் அவ்வில்லமே சிறைச்சாலையாயிற்று. அரசியற் கருத்துக்காகப் பலர் அதனுள் அடைபட்டனர். அடைக்கலம் தர எழுந்த சுவர்களே அடைத்துவைக்கவும் பயன்பட்டன. எதற்குப் பயன்படுத்துவது என்பதை ஒவ்வொரு தலைமுறையும் தானே முடிவு செய்யவேண்டியிருக்கிறது. நாளை அம்முடிவைச் செய்யவேண்டியவர்கள் நீங்கள்.