ஊதச் சொல்லும் அதிகாரம்

சங்ககிரி வட்டாரத்துக்கு மதுச் சோதனை புதிதல்ல. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதலில் அமலான இடமே சங்ககிரி அடங்கிய அன்றைய சேலம் மாவட்டம்தான். 1925-இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிய ராஜாஜி, மாகாணப் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1 முதல் இங்கே கள், சாராயக் கடைகளை மூடினார். காவிரிக்கு இக்கரையில் குடிப்பதே குற்றம். அக்கரையில், கோவை மாவட்டத்தில், அனுமதிக்கப்பட்ட வியாபாரம். குடிப்பது, வைத்திருப்பது, கொண்டுசெல்வது எல்லாமே குற்றமானால் எவருடைய மூட்டையும் சோதனைக்கு உரியதாகிவிடும். நோக்கம் உயர்ந்தது, ஆனால் அதிகாரத்தின் வீச்சு மிகப் பெரிது.

1981-இல் கடைகள் மீண்டும் திறந்தன. 2003-இல் சில்லறை விற்பனையை அரசே ஏற்றது. அதன்பின் நெடுஞ்சாலையில் போலீஸ் தேடுவது குடித்தவரை அல்ல, குடித்துவிட்டு ஓட்டுபவரை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்கிறது. முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். லாரியை நிறுத்தி உரிமம் கேட்கச் சீருடைக் காவலருக்கு உரிமையுண்டு. ஆனால் 203-ஆம் பிரிவின்படி, மூச்சுச் சோதனைக் கருவியில் ஊதச் சொல்ல நியாயமான சந்தேகம் வேண்டும்: வாயில் வாடை, குழறும் பேச்சு, தடுமாறிய ஓட்டம். வரிசையில் வரும் எல்லோரையும் ஊதச் சொல்வது இந்த வரம்பைத் தாண்டுவதாகும். வரம்பு வைத்தால் குடிகாரர் தப்பிவிடுவார் என்பார்கள். ஆனால் கண்ணாடியை இறக்கி உரிமத்தை நீட்டும் அந்த அரை நிமிடமே சந்தேகத்துக்குப் பெரும்பாலும் போதும்.

போலீஸின் அதிகாரத்துக்கு வரம்பு உண்டு என்றால், சோதனை நடக்கும் இடத்தை ஓட்டுநர்கள் கைபேசி வழிகாட்டிச் செயலியில் மற்றவர்களுக்குச் சொல்வது? அதைக் குற்றமாக்கும் பிரிவு எதுவும் மோட்டார் வாகனச் சட்டத்தில் இல்லை. எதிரே வரும் லாரிக்கு விளக்கை அடித்துக் காட்டும் பழைய வழக்கத்தின் புது வடிவமே இது. குடித்தவர் பக்கத்துச் சாலையில் திரும்பிவிடுவார் என்ற அச்சம் பொய்யல்ல; 2019-இல் நியூயார்க் போலீஸும் இதையே சொல்லி, கூகுளின் வேஸ் செயலியில் சோதனை இடத்தைச் சொல்லும் வசதியை நீக்கும்படி அந்நிறுவனத்துக்கு எழுதியது. ஆனால் சோதனையின் முதல் பயன் பிடிப்பதல்ல, தடுப்பது. இன்றிரவு சோதனை உண்டு என்று தெரிந்தவர் குடிக்கும் முன்பே யோசிப்பார். ஆகவே போலீஸ் சோதனை நாளை முன்கூட்டியே அறிவிக்கட்டும். இடத்தை மணிக்கொரு தரம் மாற்றட்டும். செயலி சொல்லும் இடம் பழசாகிவிடும். எச்சரிக்கை மட்டும் ஓட்டுநர் மனதில் தங்கும். மக்களின் வாயை அடைக்காமலே சாலையைக் காக்க வழியிருக்கும்போது, இன்னொரு தடைச்சட்டம் தேவையில்லை.