வேளைக் கணக்கும் நாள் கணக்கும்

குலசேகரன்பட்டினத்துக்கு அளவை என்பது புதுச் சங்கதி அல்ல. காலனிய ஆட்சியில் இங்கே விளைந்த உப்பு மணங்குக் கணக்கில் நிறுக்கப்பட்டு, வரி கட்டிய பிறகே அளத்தை விட்டு நகர முடிந்தது. 1942 போராட்டத்தில் உப்புத்துறை அதிகாரி லோன் கொல்லப்பட்டதையும் அதையொட்டி நடந்த சதிவழக்கையும் பற்றி நிறையப் பேசியாயிற்று. தராசை எந்த வாசலில் வைப்பது, யாருடைய பேரேட்டில் எழுதுவது என்பதில் அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு உப்பைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஆனால் நான் பேசவந்தது மாத்திரையைப் பற்றி. புறநோயாளிகள் விழுங்கும் ஆண்டிபயாட்டிக்கை எங்கே நின்று எண்ணினார்கள் என்கிற வரலாறு அது.

எங்க தாத்தா பனையேறி. பதநீர்க் காலத்தில் தினமும் ஏறிப் பாளை சீவியாக வேண்டும். ஒருநாள் விட்டால் பாளை கெட்டுப்போகும். காய்ச்சலென்று காலை ஓ.பி.யில் வரிசையில் நின்றால் அன்றைய மரம் போச்சு. ஆகவே ஆச்சிதான் பஜாருக்குப் போவாள். "அண்ணாச்சி, மேலுக்கு முடியல அவருக்கு, ரெண்டு வேளைக்கு ஒரு செட்டு குடுங்க." அண்ணாச்சி மூன்று நான்கு அட்டைகளைக் கத்தரித்து, வேளைக்கு ஒரு பொட்டலமாகக் காகிதத்தில் மடித்துத் தருவார். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, கூடவே ஒரு கேப்சூல். கேப்சூலின் பேர் எங்களுக்குத் தெரியாது, நிறம் தெரியும். ரெண்டு வேளையில் சூடு தணிந்தால் தாத்தா மரத்தில் இருப்பார். மீதி நாளுக்கு மருந்து வாங்குவது என்ற பேச்சே எழாது.

ஆச்சி வேளையில் கணக்கிட்டாள். உலகம் கணக்கிடுவது நாளில். 1969-ல் ஆஸ்லோவில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய கருத்தரங்குக்குப் பிறகு, நார்வே ஆய்வாளர்கள் 70-களில் உருவாக்கிய அலகு அது: வரையறுக்கப்பட்ட தினசரி அளவு. ஒரு மருந்தை அதன் முதன்மையான நோய்க்கு வயதுவந்த ஒருவர் ஒருநாளில் உட்கொள்வதாகக் கருதப்படும் சராசரி. 1982-ல் இதற்கென ஆஸ்லோவில் ஒரு மையம் வந்தது. 1996-ல் அது உலகம் முழுமைக்குமானதாயிற்று. ஆயிரம் பேருக்கு ஒருநாளைக்கு இத்தனை அலகு என்று சொல்வதால் நார்வேயையும் இந்தியாவையும் ஒரே பட்டியலில் அடுக்க முடிகிறது. இதன் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் இது எண்ணுவது மருந்தை, ஆளை அல்ல. அமாக்சிசிலினுக்கு 1 கிராம் என்றிருந்த தினசரி அளவு 2019-ல் 1.5 கிராம் ஆக்கப்பட்டது. 500 மில்லிகிராம் கேப்சூல் ஆயிரம் விற்றிருந்தால் அதற்கு முன்பு 500 நாள், பிறகு 333 நாள். ஒரு வாய்கூடக் குறையாமலே நுகர்வு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது! குழந்தையின் பாடு இன்னும் மோசம். அலகு 70 கிலோ ஆளுக்கானது என்பதால் குழந்தை முழுச் சிகிச்சை எடுத்தாலும் கணக்கில் அரைகுறையாகவே ஏறும்.

ஆளை எண்ணும் முறையும் வந்தது. 1993-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கையேடு, 20 மருத்துவ நிலையங்களில் தலா 30 என 600 சந்திப்புகளைப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை பேருக்கு ஆண்டிபயாட்டிக் எழுதப்பட்டது என்று கேட்கச் சொன்னது. எளிய கேள்வி, வலுவான கேள்வி. நம் பக்கத்தில் வேலூரில் 2003 முதல் 2005 வரை இன்னும் பெரிதாகச் செய்தார்கள். மருத்துவமனை, தனியார் கிளினிக், மருந்துக்கடை ஆகியவற்றிலிருந்து வெளியே வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்கள். 50,000-க்கும் மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 40 பேர் போல ஆண்டிபயாட்டிக்கோடு வந்திருந்தார்கள். வாசலில் போய் நிற்க வேண்டியிருந்ததற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் சீட்டு நோயாளியின் கையோடு போய்விடுகிறது. கடையிலும் தங்குவதில்லை, அரசிடமும் சேர்வதில்லை.

மற்ற கணக்குகளெல்லாம் வாசலுக்கு வெகுதூரம் முன்பே நின்றுவிடுகின்றன. 1994-ல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்குக் கணக்கில், எந்த அரசு ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு போனது என்பது தெரியும். யார் விழுங்கினார் என்று அந்தக் கணக்கைக் கேட்க முடியாது. 2022-ல் வெளியான ஆய்வு, 2019-ல் இந்தியத் தனியார் துறையின் நுகர்வு ஆயிரம் பேருக்கு நாளொன்றுக்கு 10.4 அலகு என்றது. சுமார் 9,000 மொத்த வியாபாரிகளின் விற்பனையிலிருந்து வந்த எண் அது. பல நாடுகளைவிடக் குறைவு. தேவைப்பட்டும் கிடைக்காதவரும், தேவையின்றி விழுங்கியவரும் அந்தச் சராசரிக்குள் ஒருவரையொருவர் மறைத்துக்கொள்கிறார்கள். 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணை, மருத்துவர், நோயாளி, மருந்து, எண்ணிக்கை என்று கடைக்காரர் பதிவேடு எழுதி மூன்று வருஷம் வைத்திருக்கச் சொல்கிறது. நல்லது. ஆனால் அமாக்சிசிலினும் அசித்ரோமைசினும் அந்தப் பட்டியலில் இல்லை.

இவ்வளவு கணக்கிலும் அகப்படாத ஆச்சி, 'சுயமருத்துவம்' என்ற சொல்லாடலில் மட்டும் முதல் குற்றவாளியாக நிற்கிறாள். சீட்டில் ஆண்டிபயாட்டிக் எழுதுகிற கையை விட்டுவிட்டு, பொட்டலம் வாங்குகிற கையைப் பிடிக்கிறோம். மருந்து பலிக்காமல் கிருமி தேறிக்கொள்வது நிஜம். அதனால் முதலில் சாகப்போவதும் இந்தத் தெருக்காரர்கள்தாம். அதனாலேயே செட்டு விற்பனையைத் தடுப்பது மட்டும் போதும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வேலை விட்ட பிறகு திறந்திருக்கும் ஓ.பி. எங்கே என்றும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

தோழர்கள் யாராவது தங்கள் ஊர் மருந்துக்கடைத் திண்ணையில் ஒரு வாரம் உட்கார்ந்து எண்ணலாம். பொட்டலத்தில் கேப்சூல் உண்டா, எத்தனை வேளைக்கு, யாருக்கு. இவற்றோடு, வந்தவர் அன்றைக்கு எத்தனை மணிக்கு வேலை விட்டு வந்தார் என்பதற்கும் நோட்டில் ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.