அடைப்பும் திறப்பும்: கொள்ளைநோய்க் கால ஆணைச் சொற்களும் மக்கள் வழக்கும்

2020ஆம் ஆண்டு மே மாத இறுதியில், இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்த முடக்கத்திற்குப் பின் மகாராஷ்டிர மாநிலம் படிப்படியாகத் திறக்கப்படும் என்று அம்மாநில முதலமைச்சர் உத்தவ் தாக்கரே அறிவித்தார். அத்திறப்பிற்கு இரண்டு பெயர்கள் வழங்கின. ஆங்கில ஆணைகளில் அது 'மிஷன் பிகின் அகெய்ன்'. முதலமைச்சரின் மராத்திப் பேச்சில் 'புனச்ச ஹரி ஓம்'. முன்னதை 'மீண்டும் தொடங்குவோம்' என்று பெயர்த்துவிடலாம். பின்னதைப் பெயர்ப்பது அத்துணை எளிதன்று. ஓதலைத் தொடங்குங்கால் 'ஹரி ஓம்' என்பது மரபு. ஆதலின் 'மறுபடியும் ஹரி ஓம்' என்றால் விட்ட இடத்திலிருந்து மறுபடியும் தொடங்குதல் என்பது பொருள். தமிழில் 'மீண்டும் பிள்ளையார் சுழி' எனலாம். திண்ணைப் பள்ளிகளில் எழுத்தறிவித்தலின் தொடக்கமாக வழங்கிய 'அரிநமோத்து சிந்தம்' என்பது இன்னும் நெருக்கமானது. ஆனால் இன்றைய வாசகர் பலருக்கு அதற்கே உரை தேவைப்படும்.

மராத்தி வாசகருக்கு இத்தொடர் வேறொன்றையும் நினைவூட்டும். பாலகங்காதர திலகர் 1899இல் 'கேசரி'யின் ஆசிரியப் பொறுப்பை மீண்டும் ஏற்றபோது எழுதிய தலையங்கத்தின் பெயர் இதுவே. இடையில் அவர் அப்பொறுப்பில் இல்லாமற்போனதற்குக் காரணம் 1897ஆம் ஆண்டின் அரசத் துரோக வழக்கும் சிறைவாசமும். அவ்வழக்கின் பின்னணியில் இருந்ததோ புனே நகரின் பிளேக் நோயும், அந்நோயை அடக்க அரசு கைக்கொண்ட முறைகளும், பிளேக் குழுத் தலைவர் ராண்டு சுடப்பட்ட நிகழ்ச்சியும். கொள்ளைநோய்க் கட்டுப்பாடுகளைக் கண்டித்து எழுதிச் சிறை சென்றவரின் தொடர், 121 ஆண்டுகள் கழித்து, கொள்ளைநோய்க் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் அரசின் வாயில் ஒலித்தது. இதனை எண்ணிச் செய்தனரா என்பது இங்குப் பொருட்டன்று. 1897க்கும் 2020க்கும் இடையில் சொற்களின் வழியே ஒரு தொடர்பு உண்டு. அதனைப் பின்பற்றிச் சென்றால் ஆணையிட்டவர் நோக்கு மட்டுமன்றி, ஆணைக்கு உட்பட்ட எளிய மக்களின் நோக்கும் புலப்படும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பம்பாயில் பிளேக் நோய் 1896 செப்டம்பர் 23 அன்று மாண்டுவிப் பகுதியில் மருத்துவர் வியேகாசால் இனங்காணப்பட்டது. 1897 பிப்ரவரி 4 அன்று கொள்ளைநோய்ச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நான்கே பிரிவுகள் கொண்ட சிறு சட்டம் அது. எனினும் பயணிகளைச் சோதிக்கவும், நோய் ஐயமுடையோரைப் பிரித்து வைக்கவும், வேண்டிய தற்காலிக விதிகளை வகுக்கவும் அரசுக்கு அது அளித்த அதிகாரம் பெரிது. புனேயில் 1897 மார்ச்சு முதல் மே வரை பட்டாளத்தார் வீடு வீடாகப் புகுந்து தேடினர். நோயாளர் மருத்துவமனைக்கும், உடனிருந்தோர் முகாமிற்கும் கொண்டுசெல்லப்பட்டனர். தட்டுமுட்டுப் பொருள்கள் எரிக்கப்பட்டன. பெண்களைப் பிறர் காணச் சோதித்தமை பெருங்கொதிப்பை விளைத்தது. ஜூன் 22 இரவு, விக்டோரியா அரசியின் வைரவிழா நடந்துகொண்டிருந்தபோது, சாபேகர் சகோதரர்களால் ராண்டு சுடப்பட்டார்.

பள்ளிப் பாடநூல்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. எளிய மக்களின் எண்ணம் இதற்கு முன்பே வேறு வகையில் வெளிப்பட்டிருந்தது. 1896 அக்டோபர் இறுதியில் பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஏறத்தாழ ஆயிரவர் ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். 1898 மார்ச்சு 9 அன்று மதன்புராவில் நெசவாளர் எதிர்த்தெழுந்தனர். 1900 ஏப்ரலில் கான்பூரில் பிரிவினை முகாம் தாக்கப்பட்டது. மருத்துவமனைக்குச் சென்றவர் உயிருடன் மீளார் என்றும், அங்கு மக்கள் கொல்லப்படுகின்றனர் என்றும் வதந்திகள் உலவின. இவ்வதந்திகளை டேவிட் ஆர்னால்டு போன்ற வரலாற்றாசிரியர் அறியாமை என்று தள்ளாமல், அரசின் மீது மக்கள் கொண்ட கருத்தின் வடிவமாகவே படித்தனர். ரஜீந்தர் சிங் பேடியின் 'குவாரண்டீன்' என்னும் உருதுச் சிறுகதையில் மக்கள் நோயைக் காட்டிலும் அதற்கான தனிமை முகாமையே மிகுதியாக அஞ்சுகின்றனர். இக்கதைத் தலைப்பைத் 'தனிமைப்படுத்தல்' என்று பெயர்ப்பவர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். தமிழ்ச் சொல் ஒரு செயலைக் குறிக்கிறது. பேடியின் சொல்லோ ஓர் இடத்தை, உயிருடன் புகுந்தால் மீளமுடியாதென்று அஞ்சப்பட்ட ஓர் இடத்தைக் குறிக்கிறது.

எனில், மக்கள் நோயாளரைப் பிரித்து வைப்பதையே எதிர்த்தனரா? இல்லை என்பதற்குச் சான்றுகள் உள்ளன. பம்பாயில் தத்தம் சாதியார், சமயத்தார் நடத்திய மருத்துவமனைகள் தோன்றியபின் அவற்றிற்கு நோயாளரைக் கொண்டுசெல்வதில் தயக்கம் குறைந்தது. கட்வால், குமாவுன் மலைப்பகுதிகளில் மகாமாரி என்று வழங்கிய நோய்க்கு மக்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்ட முறை, வீடுகளில் எலிகள் மடியத் தொடங்கியதுமே ஊரைக் காலி செய்து வெளியில் குடிசையிட்டுத் தங்குவது. தக்காணத்திலும் மைசூர் நாட்டிலும் பிளேக் காலத்தில் வயல்வெளிகளுக்குக் குடிபெயர்வது பெருவழக்காயிற்று. எலியும் அதன் தெள்ளுப்பூச்சியும் வாழும் வீட்டை விட்டு விலகுவது இன்றைய அறிவியலின்படியும் பொருத்தமான செயலே. அரசு மக்களை ஓரிடத்தில் அடைக்க முயன்றது. மக்களோ நோயுள்ள இடத்தை விட்டு நீங்க முயன்றனர். இரண்டும் நோய்த் தடுப்பே. திசை மட்டும் எதிரெதிர். வலுக்கட்டாயம் பயன் தரவில்லை என்பதை உணர்ந்து 1900ஐ ஒட்டி அரசு பின்வாங்கியபோது, ஊரை விட்டுப் பெயர்தலையும் விருப்பத்தின்பேரிலான தடுப்பூசியையும் ஊக்குவிக்கும் நிலைக்கு வந்து சேர்ந்தது.

பம்பாய் நகரிலும் இதுவே நடந்தது. 1891 கணக்கின்படி எட்டு லட்சத்துக்குச் சற்று மிகுந்த மக்கள் வாழ்ந்த அந்நகரை விட்டு, 1897ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குள் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினர். ஆட்கள் இல்லாமல் ஆலைகள் திணறின. மாதக் கூலியை நிறுத்திவைத்தே தொழிலாளரைப் பிடித்து வைத்திருந்த முதலாளிகள், அன்றாடக் கூலி தருவதாகத் தெருமுனைகளில் போட்டியிட்டு ஆள் அழைத்தனர். கூலி அன்றன்றே கையில் கிடைத்தால் வேலை செய்வோம், நோய் நெருங்கினால் புறப்படுவோம் என்பதே தொழிலாளரின் நிலைப்பாடு. இதனை எழுதி வைத்தவர் அவர்களுள் இல்லை. அவர்களின் நடையே சான்று.

1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுவென்சா பிளேக்கைவிடப் பன்மடங்கு விரைவாக உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஆயினும் நாடு தழுவிய அடைப்பு எதுவும் அப்போது இல்லாமையால் நம் ஆய்வுக்கு அது சொற்களை விட்டுச்செல்லவில்லை. எனவே 2020க்கு வருவோம்.

மார்ச்சு 22 அன்று 'ஜனதா கர்ஃபியூ'. மார்ச்சு 24 இரவு 8 மணிக்குப் பிரதமரின் உரை. நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாள் முடக்கம். 2016 நவம்பர் 8 அன்று பணத்தாள்கள் செல்லா என்று அறிவிக்கப்பட்டதும் இதே இரவு 8 மணிக்குத்தான் என்பதை மக்கள் மறக்கவில்லை. பிரதமர் தம் இந்தி உரையில் ஆங்கிலச் சொல்லாகிய 'லாக்டவுன்' என்பதையே ஆண்டார். இது ஒருவகையில் ஊரடங்கே என்றும் விளக்கினார். வீட்டு வாயிலில் 'லட்சுமண ரேகை' வரையப்பட்டுள்ளது என்ற உருவகத்தையும் கையாண்டார். (தமிழில் பெயர்த்தோர் இத்தொடரை அப்படியே வைத்தனர். கம்பனில் அக்கோடு இல்லை; சீதையிருந்த சாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துச் செல்கிறான் இராவணன். வான்மீகியின் மூலத்திலும் கோடு இல்லை என்பர். எனினும் தொலைக்காட்சி இராமாயணம் கண்ட தலைமுறைக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அத்தொடரையே தூர்தர்ஷன் மார்ச்சு 28 முதல் மறுபடியும் ஒளிபரப்பிற்று.)

'லாக்டவுன்' என்பதற்கு இந்தியிலும் மராத்தியிலும் எழுத்து வழக்கில் 'தாலாபந்தி', 'டாளேபந்தி' என்ற சொற்கள் கிடைத்தன. பூட்டிடுதல் என்பது நேர்ப்பொருள்; தொழில் தகராற்றில் முதலாளி ஆலையைப் பூட்டுவதற்கு ஏற்கெனவே வழங்கிய சொல் அது. இந்திச் செவிக்கு 'நஸ்பந்தி', 'நோட்பந்தி' ஆகியவை அதன் உறவுகள். நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடையையும் 2016ஆம் ஆண்டையும் அச்சொல்லின் ஈறே நினைவூட்டிவிடும். பேச்சு வழக்கில் ஆங்கிலச் சொல்லே வென்றமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பது என் ஊகம். தமிழில் முதலாளி செய்வது கதவடைப்பு. வணிகர் செய்வது கடையடைப்பு. கட்சிகள் செய்வது முழு அடைப்பு. இவை மூன்றையும் விலக்கி, 'ஊரடங்கு', 'பொதுமுடக்கம்' என்ற இரண்டையும் இதழ்கள் ஏற்றன. அடங்குதல், முடங்குதல் இரண்டும் தன்வினை என்பது கவனிக்கத்தக்கது. யார் அடக்கினர், யார் முடக்கினர் என்ற வினாவிற்கு இச்சொற்களில் இடமில்லை. 'ஊர் அடங்கிய நேரம்' என்று நள்ளிரவைச் சொல்லும் பேச்சு வழக்கின் இயல்பான அமைதி, காவலர் தடியின் மேல் ஒரு போர்வையாக விழுந்துவிட்டது.

இனி மக்கள் என்ன செய்தனர்? ஒருமுகமான விடை இல்லை. பல மாநிலங்களில் சிற்றூர்கள் ஆணைக்குக் காத்திராமல் தம் எல்லையில் முள்ளும் மரமும் இட்டு வெளியாரைத் தடுத்தன. தம்மூர் மக்கள் நகரிலிருந்து திரும்பியபோதும் பள்ளிக்கூடங்களில் தங்கவைத்த பின்னரே உள்ளே விட்டன. இது பழைய பிளேக் கால ஊர்க்காவலின் தொடர்ச்சி போலவே தோன்றுகிறது. நகரங்களில் நிலை வேறு. ஏப்ரல் 10 அன்று சூரத்திலும் ஏப்ரல் 14 அன்று மும்பை பாந்திராவிலும் கூடிய தொழிலாளர், கடைகளைத் திறக்கச் சொல்லவில்லை; ஊருக்கு அனுப்புமாறு கேட்டனர். பல்லாயிரவர் முன்னரே நடக்கத் தொடங்கியிருந்தனர். மார்ச்சு இறுதியில் பரேலியில் திரும்பி வந்த தொழிலாளர்மீது கிருமிநாசினி பீய்ச்சப்பட்டபோது 1897 நினைவுக்கு வராதவர் வரலாறு படித்தவராக இருக்க முடியாது. மே 8 அன்று மகாராஷ்டிரத்தின் கர்மாட் அருகே, மத்தியப் பிரதேசம் நோக்கி நடந்து களைத்துத் தண்டவாளத்தில் உறங்கிய தொழிலாளர் பதினாறு பேர் சரக்கு வண்டியேறி இறந்தனர். ரயில்கள் ஓடவில்லை என்று அவர்கள் எண்ணியிருந்தனர்.

அந்த வாரத்தில்தான் திறப்பு என்ற சொல்லின் உண்மைப் பொருள் வெளிப்பட்டது. மே 1 முதல் தொழிலாளர் சிறப்பு ரயில்கள் இயங்கத் தொடங்கின. கட்டுமானப் பணிகள் தொடங்கவிருந்த கர்நாடகத்தில், கட்டட நிறுவனத்தார் முதலமைச்சரைச் சந்தித்ததை அடுத்து, மே 6 முதல் ரயில்கள் தேவையில்லை என்று அம்மாநில அரசு தெரிவித்தது. கடுங்கண்டனம் எழுந்ததும் ஓரிரு நாளில் அம்முடிவை மாற்றிக்கொண்டது. பணியிடம் திறக்கிறது, ஆகவே நீ போகக் கூடாது. ஆணையில் அடைப்பும் திறப்பும் எதிர்ச்சொற்கள். தொழிலாளருக்கு அத்திறப்பே அடைப்பாக வந்தது. தெருமுனையில் கூலியை ஏற்றிக் கூவிய 1897ஆம் ஆண்டின் பம்பாய் முதலாளிகள் இவ்வகையில் மேலானவர்கள் எனத் தோன்றுகிறது. அவர்கள் குறைந்தது விலை பேசினர். இறுதியில் 4,600க்கும் மேற்பட்ட சிறப்பு ரயில்களில் ஏறத்தாழ 63 லட்சம் பேர் பயணம் செய்தனர். ஊர் திரும்பியோர் ஒரு கோடிக்கும் மேல் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

ஜூன் 1 முதல் மைய அரசு 'அன்லாக்' என்று எண்ணிட்டு அறிவிக்கத் தொடங்கிற்று. தமிழ்நாட்டு அரசு இச்சொல்லைப் பெயர்க்கவே இல்லை என்பது வியப்பானது. அது 'தளர்வுகளுடன் கூடிய ஊரடங்கு' என்றே நீட்டித்துச் சென்றது. 2021 மே மாதத்தில் 'தளர்வுகளற்ற முழு ஊரடங்கு' என்னும் தொடரும் வந்தது. எதிர்மறையின் மேல் எதிர்மறையாக அமைந்த இத்தொடரை வேற்றுமொழியில் பெயர்த்துப் பார்ப்போர்க்கு அதன் நுட்பம் விளங்கும். அலுவல் தமிழில் ஊர் ஒருபோதும் திறக்கவில்லை; கட்டுத்தான் தளர்ந்தது, இறுகியது. மக்களோ 'பஸ் விட்டாச்சா?' என்று கேட்டனர். என் பார்வையில் அவ்வினாவே 'அன்லாக்' என்பதற்குச் சரியான மொழிபெயர்ப்பு.

பெயர் சூட்டலிலும் இதே சிக்கல் உண்டு. 'பிரவாசி' என்ற இந்திச் சொல் அதுவரை கடல்கடந்த இந்தியர்க்கே பெரிதும் வழங்கியது. 2020இல் 'பிரவாசி மஜ்தூர்' என நாட்டுக்குள்ளேயே நடப்போர்க்கு உரியதாயிற்று. கேரள அரசு 'அதிதி தொழிலாளி' என்றது. விருந்தினர் என்ற சொல்லில் அன்பும் உண்டு, என்றேனும் புறப்பட வேண்டியவர் என்ற குறிப்பும் உண்டு. தமிழின் 'புலம்பெயர்' ஈழத்தமிழரை நினைவூட்டாமல் இருப்பதில்லை. இவையெல்லாம் பிறர் இட்ட பெயர்கள். மும்பைத் தொழிலாளர் தம் வாயால் சொல்லும் சொல் 'முலுக்'. நாடு என்பதே அகராதிப் பொருள், ஆனால் அவர் குறிப்பது பிறந்த சிற்றூரை. இதனை 'சொந்த மாநிலம்' என்று பெயர்த்துள்ள செய்திகளைக் கண்டிருக்கிறேன். அது பொருந்தாது, எந்தத் தொழிலாளியும் மாநிலத்துக்குப் போக வேண்டும் என்று அழுததில்லை. 'ஊர்' என்பதே அதற்கு நிகர். அப்படிப் பெயர்த்தால் தமிழில் ஒரு வாக்கியம் தானே அமைந்துவிடுகிறது: 'ஊரடங்கு போட்டிருக்கு, நான் ஊருக்குப் போகணும்.' முதல் ஊரும் இரண்டாம் ஊரும் ஒன்றல்ல.