தெரிவு யாருடையது? கிளைக்கதை விளையாட்டும் போரைக் கடந்தவர்களும்

மழை பெய்தால் தெஹியோவிட்டையில் பால்வெட்டு இல்லை. அப்படியொரு மழை நாளில், லயத்து வாசலில் உட்கார்ந்து, கைத்தொலைபேசியில் ‘பெரி மீ, மை லவ்’ என்ற விளையாட்டை முதன்முதலாகத் திறந்தேன். சிரியாவின் ஹோம்ஸ் நகரிலிருந்து நூர் என்ற பெண் ஐரோப்பாவை நோக்கித் தனியாகப் புறப்படுகிறாள். கணவன் மஜ்த் ஊரிலேயே தங்கிவிடுகிறான். விளையாடுபவர்தான் மஜ்த். அவரால் செய்யக்கூடியது, நூரின் குறுஞ்செய்திகளுக்குப் பதில் அனுப்புவது மட்டுமே. பதிலுக்கு ஏற்பக் கதை கிளை மாறும்.

இந்த வகை விளையாட்டை இன்று நம் பிள்ளைகள் பலர் விளையாடுகிறார்கள். போரைக் கடந்து வந்தவர்களும் விளையாடுகிறார்கள். இது எப்படி இயங்குகிறது, சிலரை ஏன் இவ்வளவு வருத்துகிறது என்பதை எழுதிவைப்பது பயன்படும் என்று நினைக்கிறேன்.

காட்சி நாவல் என்பது

திரையில் ஒரு படம், அதன் கீழே சில வரிகள், இடையிடையே ஒரு கேள்வி, அதற்கு இரண்டு மூன்று விடைகள். இதுவே காட்சி நாவல். சுடுவதும் ஓடுவதும் இதில் கிடையாது. வாசிப்பதும் தெரிவு செய்வதும்தான். இது ஜப்பானில் வளர்ந்த வடிவம். யூஜி ஹோரி 1983இல் வெளியிட்ட ‘போர்டோபியா’ கொலை விசாரணை விளையாட்டு இதன் முன்னோடிகளில் ஒன்று. சுன்சாப்ட் நிறுவனம் 1992இல் ‘ஒதோகிரிசோ’வையும் 1994இல் ‘கமாயிதாச்சி நோ யோரு’வையும் வெளியிட்ட பிறகு, ஒரே கதைக்குப் பல முடிவுகள் என்ற முறை வேரூன்றியது.

‘வயது வந்தோருக்கானது’ என்ற அடையாளத்துக்கு இங்கே இரண்டு பொருள் உண்டு. ஒன்று, பாலியல் காட்சிகள் கொண்டவை. ஸ்டீம் தளம் 2018 முதல் இவற்றை வெளிப்படையாக அனுமதித்தது. 2025 ஜூலையில், பணக்கொடுப்பனவு நிறுவனங்களின் அழுத்தத்தால் அவற்றில் பலவற்றை அது நீக்கியது. மற்றது, போர், மரணம், இழப்பு போன்றவற்றைப் பேசுவதால் முதிர்ந்தவர்களுக்கு உரியவை. நூரின் கதை இரண்டாவது வகை. பெற்றோர் வயது அடையாளத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், அது எதற்காக இடப்பட்டது என்ற விளக்கத்தையும் வாசிக்க வேண்டும்.

உள்ளே நடப்பது

டாம் ரோதமல் 2004இல் வெளியிட்ட ‘ரென்பை’ என்ற இலவச மென்பொருளைத் தரவிறக்கி, இந்தக் கதைகள் எப்படிக் கட்டப்படுகின்றன என்று பார்த்தேன். வேலை எளிமையானதுதான். ஒவ்வொரு விடையும் மறைவாக ஓர் எண்ணைக் கூட்டும் அல்லது குறைக்கும். பின்னால் ஓரிடத்தில் நிரல் அந்த எண்ணைப் பார்த்து உங்களை ஒரு பாதைக்கு அனுப்பும். நூரின் கதையும் அவளுடைய மனநிலை, கையிருப்புப் பணம், கணவனோடுள்ள நெருக்கம் ஆகியவற்றைக் கணக்கு வைத்தபடியே நகர்கிறது.

கதை கிளைவிடக் கிளைவிட எழுத வேண்டியது பெருகும். ஆகவே பல விளையாட்டுகளில் வெறும் தெரிவுகள் இருக்கும். ‘ஆம்’ என்றாலும் ‘இல்லை’ என்றாலும் இரண்டு வரிகள் மாறும், அடுத்த காட்சி மாறாது. தெரிவு திரையில் இருக்கும். அதற்குப் பின்னால் பாதை இருக்காது. விளையாடுபவருக்கோ எல்லாம் தன்னால் நடந்தது போலவே தோன்றும்.

நூரின் கதை

பிரான்சின் ‘த பிக்சல் ஹன்ட்’, ‘ஃபிக்ஸ்’ நிறுவனங்களும் ‘ஆர்ட்டே’ தொலைக்காட்சியும் சேர்ந்து இதை 2017இல் வெளியிட்டன. இதை வழிநடத்திய ஃப்ளோரான் மோராங் முன்பு ஊடகவியலாளராக இருந்தவர். சிரியாவிலிருந்து வெளியேறிய ஓர் இளம்பெண் தன் குடும்பத்தோடு பரிமாறிய குறுஞ்செய்திகளை ‘லு மோந்த்’ பத்திரிகை வெளியிட்டிருந்தது. அதுவே கதைக்குத் தூண்டுதல். முடிவுகள் 19. சிலவற்றில் அவள் கரை சேர்கிறாள். சிலவற்றில் செய்தி வருவது நின்றுவிடுகிறது. தலைப்பு சிரியாவில் வழங்கும் ஒரு வாழ்த்து: எனக்கு முன் நீ போய்விடாதே என்பது பொருள். எனக்குக் கொள்ளி வைக்க நீ இருக்கணும் என்று நம் வீடுகளில் சொல்வதும் இதைத்தான்.

அவள் பயணத்தில் இருக்கும்போது பதில் உடனே வராது. உண்மையான நேரப்படி மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். முதல் தடவை நான் சொன்ன வழியில் போன நூரிடமிருந்து பிறகு பதில் வரவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தேன்.

1977 ஆகஸ்ட் வன்முறைக்குப் பின் சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களில் என் அத்தை குடும்பமும் ஒன்று. கிளிநொச்சியில் காணி வெட்டிக் குடியிருந்தார்கள். 2006 ஆரம்பத்தில் அத்தை தொலைபேசியில், மூத்தவனை உங்களிடம் அனுப்பவா என்று கேட்டார். இங்கேயும் சுற்றிவளைப்பு, பொறுத்துப் பார்ப்போம் என்றார் அப்பா. 2009இல் மச்சான் இல்லாமல் போனான். அன்றிலிருந்து அப்பா அந்த ஒரு வசனத்தோடுதான் வாழ்கிறார்.

பல வருடங்களுக்குப் பின் அத்தை இங்கே வந்தபோது அப்பா அதைச் சொல்லி அழுதார். “அண்ணே, நீ வரச் சொல்லியிருந்தாலும் அவனுக்கு அங்க பாஸ் குடுத்திருக்கணுமே. அந்த வயசுப் பொடியன யாரு விட்டா? நான் ஒரு ஆறுதலுக்குத்தான் ஒன்னக் கேட்டேன்” என்றார் அத்தை.

அப்பாவுக்கு அன்று இருந்தது வெறும் தெரிவு. பின்னால் பாதை இல்லை. அந்த வசனம் என்னோடும் இருந்தது. நிரலைத் திறந்து பார்த்த பிறகே அத்தை சொன்னது எனக்கு முழுதாகப் புரிந்தது. விளையாட்டில் எல்லாப் பாதைகளையும் முன்கூட்டியே எழுதிய ஒருவர் இருக்கிறார், சேமித்த இடத்துக்குத் திரும்பவும் முடிகிறது. அதனால் பிழை விளையாடியவருடையது என்று சொல்ல ஓரளவு நியாயம் உண்டு. பதுங்குகுழியிலும் சோதனைச்சாவடியிலும் முடிவெடுத்தவர்களுக்கு யாரும் விடைகளை வரிசையாகக் காட்டவில்லை. இன்று நாம் பின்னால் திரும்பிப் பார்த்து அந்த வரிசையை வரைகிறோம்; பிறகு அதை வைத்தே நம்மைத் தண்டிக்கிறோம்.

விளையாட நினைப்பவர்களுக்கு

நூரின் கதை தமிழில் இல்லை, ஆங்கிலத்தில் வாசிக்கலாம். காணாமல் போனவருக்காக இன்னும் காத்திருக்கும் வீட்டில், நேரம் தவறி வரும் செய்தி ஒலி சாதாரணமானதல்ல. அறிவித்தல் ஒலியை நிறுத்திவையுங்கள். இரவில் தனியாக விளையாட வேண்டாம். தாங்கவில்லை என்றால் பாதியில் விடுவதும் ஒரு தெரிவுதான்.

நம்மவர் கதைகளும் இந்த வடிவத்துக்கு வரத் தொடங்கிவிட்டன. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்றைச் சமையல் வழியே சொல்லும் ‘வெண்பா’ 2023இல் ரொறன்ரோவிலிருந்து வெளியானது. 2024இல் அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதையும் பெற்றது. ரென்பையில் தமிழிலேயே எழுத முயன்றுகொண்டிருக்கிறேன். என் கதையில் ஓர் இடத்தில் தொலைபேசி ஒலிக்கும். இரண்டு விடைகள் இருக்கும். இரண்டும் ஒரே காட்சிக்குத்தான் போகும். அதை முதலில் அப்பாவிடம் கொடுத்து, இரண்டு விடைகளையும் அழுத்திப் பார்க்கச் சொல்வேன்.