டேக் என்ற வினையும் ஓர் அகராதியும்: பிறந்த கதை

ஆங்கிலத்தின் 'டேக்' என்ற வினைக்கு நம் பள்ளிகளில் 'எடு' என்று சொல்லிக்கொடுக்கிறோம். மராத்திப் பள்ளியில் 'கேணே' என்பார்கள். மருந்து சாப்பிடுவது, சத்தியம் செய்வது, விடைபெறுவது, உயிரை வாங்குவது ஆகிய நான்குக்கும் மராத்தியில் கேணே பொருந்தும். ஆனால் சளி பிடித்தால் ஸர்தீ ஹோணே. நேரம் பிடித்தால் வேள் லாகணே. குட்டித் தூக்கம் போட்டால் ஜோப் காடணே. ஒரு சம்பவம் நடந்தால் கடணே. ஆங்கிலத்தில் இத்தனைக்கும் டேக் ஒன்றே போதும். ஒரு மராத்திக்காரர் இந்த வினையின் பொருளையும் பயனையும் அறிய வேண்டுமென்றால், மராத்தி வினைகள் ஒவ்வொன்றும் எந்தச் சொல்லோடு சேரும் என்பதை யாராவது முதலில் எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த வேலை நடந்த கதை இது.

மராத்தியரை ஆண்ட பேஷ்வாக்களின் ஆட்சி 1818-இல் முடிந்து மராத்தி நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. வரி வசூலிக்கவும் வழக்கு விசாரிக்கவும் வெள்ளை அதிகாரிகளுக்கு மராத்தி தேவைப்பட்டது. வில்லியம் கேரி 1810-இல் செராம்பூரில் ஒரு மராத்தி அகராதி அச்சிட்டிருந்தார். வான்ஸ் கென்னடியின் அகராதி 1824-இல் பம்பாயில் வெளிவந்தது. இரண்டும் சிறியவை. மக்கள் வாயில் புழங்கிய மராத்தி அவற்றின் பக்கங்களைவிட மிகப் பெரியது.

அந்தக் குறையைத் தீர்க்க முன்வந்தவர் ஜேம்ஸ் தாமஸ் மோல்ஸ்வர்த். 1795-இல் பிறந்து, பதின்பருவத்திலேயே கம்பெனிப் படையில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தவர். மராத்தியும் சமஸ்கிருதமும் ஆழ்ந்து கற்றார். மராத்தியர் அவரை 'மோலேசர் சாஸ்திரி' என்றே அழைத்தார்கள். ஒரு படை அதிகாரிக்குச் சாஸ்திரிப் பட்டம் லேசில் கிடைக்காது. தாமஸ் கேண்டி, ஜார்ஜ் கேண்டி என்ற இரட்டைச் சகோதரர்கள் அவருக்குத் துணை நின்றார்கள். மோல்ஸ்வர்த்தின் திட்டத்தை பம்பாய் அரசு ஏற்றதும், பண்டிதர்கள் உதவியோடு சொல் திரட்டும் வேலை தொடங்கியது.

முதலில் வெளிவந்தது ஆங்கிலம் கலவாத நூல். 1829-இல் வந்த 'மஹாராஷ்ட்ர பாஷேசா கோஷ்' மராத்திச் சொல்லுக்கு மராத்தியிலேயே பொருள் தந்தது. ஜகன்னாத சாஸ்திரி கிரமவந்த், பால சாஸ்திரி கக்வே, கங்காதர சாஸ்திரி பட்கே, பரசுராம்பந்த் கோட்போலே முதலிய பண்டிதர்கள் உழைத்து உருவாக்கிய நூல் அது. மராத்திக் கவிதைத் தொகுப்பான 'நவநீத்' பின்னாளில் இந்தக் கோட்போலே தொகுத்ததுதான். இரண்டாவதாக, 1831-இல் மோல்ஸ்வர்த்தின் மராத்தி-ஆங்கில அகராதி ஏறத்தாழ 40,000 சொற்களோடு வந்தது. ஆங்கில-மராத்தி அகராதி இவை இரண்டுக்கும் பிறகுதான் வந்தது. மோல்ஸ்வர்த் அதைத் தொடங்கி, உடல்நலம் கெட்டு இங்கிலாந்து திரும்பினார். தாமஸ் கேண்டி தொடர்ந்து உழைத்து 1847-இல் முடித்தார். தொடங்கியவர் பெயரும் முடித்தவர் பெயரும் அதன் முகப்பிலேயே இருக்கின்றன. தங்கள் மொழியைச் சொல் சொல்லாக எடுத்துக் கொடுத்த பண்டிதர்களுக்கும் அதே அளவு மரியாதை சேர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அவர்கள் இல்லாமல் இந்த வரிசையில் ஒரு நூலும் பிறந்திருக்காது.

மோல்ஸ்வர்த்தின் மராத்தி-ஆங்கில அகராதியைப் புரட்டினால் உழைப்பின் நுட்பம் தெரியும். ஒரு சொல் சமஸ்கிருதத்திலிருந்து வந்ததா, பாரசீகமா, அரபியா என்று குறித்திருக்கிறார்கள். பழமொழிகளையும் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றிலும் பயனுள்ளது இன்னொன்று: பெயர்ச்சொல்லுக்குப் பொருள் சொன்ன கையோடு, அதனுடன் எந்த வினைகள் சேரும் என்பதையும் கர், தே, கே, ஹோ என்று பக்கத்திலேயே தருகிறார்கள். எந்த இடத்தில் கேணே வரும், எந்த இடத்தில் லாகணே வரும் என்ற குழப்பத்துக்கு விடை அங்கே இருக்கிறது. 'டேக்' போன்ற வினையை மராத்தியில் விளக்கப் புகுபவருக்கு இதைவிடப் பெரிய சீதனம் வேறு என்ன?

வினை அமைப்பிலும் இரண்டு மொழிகளுக்கும் வெகுதூரம். 'நான் சாப்பிட்டேன்' என்பதைச் சாப்பிட்ட பொருளின் பெயரோடு மராத்தியில் சொல்ல, அதன் பால் என்னவென்று தெரிந்தாக வேண்டும். மாம்பழம் என்றால் 'மீ ஆம்பா காள்ளா'. போளி என்றால் 'மீ போளீ காள்ளீ'. வாழைப்பழம் என்றால் 'மீ கேளம் காள்ளம்'. மராத்தியில் மாம்பழம் ஆண்பால், போளி பெண்பால், வாழைப்பழம் அலிப்பால். இறந்தகாலத்தில் வினை அந்தப் பாலுக்கு ஏற்ப மாறும். ஆங்கில வினை எதைத் தின்றாலும் மாறாது. பசி எடுத்தால் 'மலா பூக் லாக்லீ', அதாவது 'எனக்குப் பசித்தது'. இது தமிழருக்குச் சொந்த வீட்டு வழக்குப் போலவே இருக்கும். ஆங்கிலத்திலோ 'நான்' எழுவாயாக வந்து முன்னால் நிற்கும். இத்தகைய வேறுபாடுகளைத் தன் மொழிப் பக்கத்திலிருந்து தெளிவாகக் கண்டவருக்கே ஆங்கில வினை வசப்படும்.

வேலை 1847-இல் நிற்கவில்லை. அரசின் அழைப்பை ஏற்று மோல்ஸ்வர்த் மீண்டும் இந்தியா வந்து, 1857-இல் மராத்தி-ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பை ஏறத்தாழ 60,000 சொற்களோடு முடித்தார். மராத்தியின் முதல் நாவலாகப் பலர் கருதும் 'யமுனா பர்யடன்' எழுதிய பாபா பத்மன்ஜி, 1863-இல் அதைச் சுருக்கி வெளியிட்டார். கேண்டி 1873-இல் ஆங்கில-மராத்தி அகராதியை விரிவாக்கித் திருத்தினார். மராத்தி உரைநடையில் நிறுத்தக்குறிகளைப் பரப்பியவரும் அவரே. இதே போல, தமிழில் வின்சுலோவின் பேரகராதி வந்தது 1862-இல். அதுவும் முன்னோர் சிலர் திரட்டி வைத்ததை எடுத்து நிறைவு செய்த நூல்தான்.

மோல்ஸ்வர்த்தின் இரண்டாம் பதிப்பு இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் மின்னூலகத்தில் யாரும் தேடிப் பார்க்கும்படி இருக்கிறது. மராத்தி படிப்பவர்கள் இன்னும் அதைக் கைவிடவில்லை. அந்த நூல்கள் வந்த வரிசையை ஆங்கிலம் கற்பிக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் வைக்க வேண்டும்: முதலில் மராத்திக்கு மராத்தி, அடுத்து மராத்திக்கு ஆங்கிலம், கடைசியில் ஆங்கிலத்துக்கு மராத்தி. ஒரு வினைக்கு ஒரே பொருள் சொல்லி மனப்பாடம் செய்யவைத்தால் பிள்ளைகள் தேர்வு எழுதலாம், பேச முடியாது. சளி 'பிடிக்கிறது', மருந்து 'சாப்பிடுகிறோம்', விடை 'பெறுகிறோம்' என்று தன் மொழி வினைகளை முதலில் எண்ணிப் பார்க்கக் கற்ற குழந்தை, அடுத்த மொழியின் வினையையும் இடமறிந்து பயன்படுத்தும்.