போர் நினைவு நாட்கள் கற்பிப்பன

வரலாறு கற்கப் புகும் மாணாக்கர் பலருக்கு முதலில் வெறுப்பூட்டுவது ஆண்டும் திங்களும் நாளுமாகிய எண்களின் தொகுதியே. போர் எந்நாளில் மூண்டது, உடன்படிக்கை எந்நாளிற் கைச்சாத்தாயிற்று என்பவற்றை நெட்டுருப் பண்ணிப் பரீட்சையில் ஒப்புவித்து, பின் மறந்துவிடுதலே பெருவழக்கு. ஆயின் நாட்கள் வெறும் எண்கள் அல்ல. மக்கள் சில நாட்களை மறவாது போற்றி வந்தமையும், அரசுகள் அந்நாட்களை வேண்டுமென்றே தேர்ந்து செயலாற்றியமையும் வரலாற்றின் போக்கிலே ஆழ்ந்த சுவடுகளைப் பதித்துள்ளன. ஐரோப்பிய வரலாற்றினின்றும் மூன்று நாட்களை எடுத்து இவ்வுண்மையை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது யூன் 28. 1389 ஆம் ஆண்டிலே கொசோவோ வெளியில் சேர்பியருக்கும் துருக்கியருக்கும் பெரும்போர் நிகழ்ந்தது. சேர்பியத் தலைவன் லாசர், துருக்கிய சுல்தான் முதலாம் முராத் ஆகிய இருவருமே அப்போரில் மாண்டனர். பிற்காலச் சேர்பியர் அதனைத் தம் சுதந்திரம் பறிபோன நாளாகக் கருதி, தலைமுறை தலைமுறையாகப் பாடல்களிற் போற்றி வந்தனர். பழைய நாட்காட்டியில் யூன் 15 ஆகிய அத்திருநாள், 20 ஆம் நூற்றாண்டில் புதிய நாட்காட்டியின் யூன் 28 இல் அமைந்தது. 1914 ஆம் ஆண்டு அதே நாளில் ஒஸ்திரிய முடிக்குரிய இளவரசர் பிரான்ஸ் பேர்டினாண்டு சரயேவோ நகருக்கு எழுந்தருளினார். பொஸ்னியாவை ஒஸ்திரியா 1908 இல் தன் பேரரசுடன் இணைத்துக்கொண்டமையால் முன்னரே கொதித்திருந்த சேர்பிய தேசியவாதிகளுக்கு, துக்க நாளில் நிகழ்ந்த அவ்வருகை புண்ணில் வேல் பாய்ச்சியது போலாயிற்று. கவ்ரிலோ பிரின்சிப் என்னும் இளைஞன் இளவரசரையும் அவர்தம் மனைவியாரையும் சுட்டுக் கொன்றான். சரியாக ஒரு திங்கள் கழிந்து, யூலை 28 இல் ஒஸ்திரியா சேர்பியாமீது போர் தொடுத்தது. முதலாம் உலகப் போருக்கு ஒரு நாளின் நினைவே காரணம் என்பது பொருந்தாது. வல்லரசுகளின் கூட்டுறவு உடன்படிக்கைகளும் படைக்கலப் போட்டியும் அதற்கு வேண்டிய விறகை முன்னரே அடுக்கி வைத்திருந்தன. எனினும் 500 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு நினைவு, அவ்விறகின் அருகே நெருப்பாகக் கனன்றுகொண்டிருந்தது என்பதை மறுத்தல் இயலாது.

இரண்டாவது சனவரி 18. 1701 ஆம் ஆண்டு இந்நாளிலே பிரசியாவின் முதல் மன்னன் முடிசூடினான். பிரான்சைப் போரில் வென்ற பிரசியர், 1871 ஆம் ஆண்டு அதே நாளைத் தேர்ந்து, பிரெஞ்சு மன்னரின் வேர்சேய் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்தில் ஜேர்மன் பேரரசைப் பிரகடனம் செய்தனர். தோற்றவன் வீட்டிலே வென்றவன் விழாக் கொண்டாடிய அவமானத்தைப் பிரான்ஸ் மறக்கவில்லை. 48 ஆண்டுகள் கழிந்து, 1919 ஆம் ஆண்டு சனவரி 18 இல் பாரிசில் சமாதான மகாநாடு தொடங்கியது. பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் புவன்காரே தமது தொடக்கவுரையில் அந்நாளின் பொருளை வெளிப்படையாகவே எடுத்துக் கூறினார். உடன்படிக்கை கைச்சாத்தான நாளோ யூன் 28; சரயேவோக் கொலையின் ஐந்தாம் ஆண்டு நிறைவு நாள். கைச்சாத்தான இடமோ அதே கண்ணாடி மண்டபம். இவ்வாறு சமாதானத்தின் முகத்திலும் பழியின் முத்திரை பொறிக்கப்பட்டது.

மூன்றாவது நவம்பர் 11. 1918 ஆம் ஆண்டு அந்நாளின் வைகறை ஐந்து மணியளவில், பிரான்சின் கொம்பியேன் காட்டிலே, தளபதி போஷ் அவர்களின் புகையிரதப் பெட்டியில் போர் நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அது நடைமுறைக்கு வந்ததோ முற்பகல் 11 மணிக்கு. போர் முடிந்தது என எழுத்தில் உறுதியான பின்னரும் எஞ்சிய ஆறு மணி நேரம் பீரங்கிகள் ஓயவில்லை. அந்த ஒரு நாளில் மட்டும் இரு திறத்தாரிலும் 2,000 இற்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. அடுத்த ஆண்டு முதல் அந்நேரத்தில் இரு நிமிட மௌனம் அனுட்டிக்கும் வழக்கம் பிரித்தானியப் பேரரசிலே தொடங்கியது. 1920 இல் இலண்டனிலும் பாரிசிலும் பெயரறியாப் போர்வீரன் ஒருவனின் உடலுக்கு அந்நாளிலேயே மரியாதை செலுத்தப்பட்டது. வென்ற தளபதியை விடுத்து, பெயரிழந்த ஒருவனை நாடே வணங்கியது புதுமையாகும்.

ஆனால் அதே நாள் ஜேர்மனியில் அவமான நாளாக நினைக்கப்பட்டது. 1940 இல் பிரான்ஸ் தோல்வியுற்றபோது, ஹிட்லர் நூதனசாலைச் சுவரை இடிப்பித்து அதே பெட்டியை வெளியே எடுப்பித்து, பழைய இடத்திலேயே நிறுத்தச் செய்து, முன்பு போஷ் அமர்ந்த இருக்கையில் தாம் அமர்ந்தார். யூன் 22 இல் பிரான்ஸ் அப்பெட்டியினுள்ளேயே கையொப்பமிட்டது. பின்பு அது பேர்லினுக்குக் கொண்டுசெல்லப்பட்டு மக்களுக்குக் காட்டப்பட்டது. 1945 இல் அழிக்கப்பட்டது. வேர்சேய் மண்டபத்துக்குக் கொம்பியேன் பெட்டி விடையாயிற்று.

நவம்பர் 11 இலங்கையிலும் அனுட்டிக்கப்பட்டது. போர்வீரர் நலனுக்கெனச் செந்நிறப் பொப்பி மலர்கள் விற்கப்பட்டன. அப்பணத்திற் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே செல்வதைக் கண்டு மனம் வருந்தியோர், அதே நாளில் பூவரசம் பூவை விற்கத் தலைப்பட்டனர். 1933 முதல் வலுப்பெற்ற இச்சூரிய மல் இயக்கத்தினர், 1934–35 இல் மலேரியா நோய் பரவியபோது நிவாரணப் பணியில் ஈடுபட்டனர். பிறர் வகுத்த நினைவு நாள் ஒன்று அயலாருக்கு உதவும் நாளாக மாறியமை சிந்தித்தற்குரியது.

நிற்க, இச்சங்கிலி எங்ஙனம் அறுந்தது? மறதியால் அன்று. 1916 இல் வேர்தன் களத்திலே பிரெஞ்சுக்காரரும் ஜேர்மனியருமாக ஏறத்தாழ 3 இலட்சம் பேர் மாண்டனர். அக்களத்திலே 1984 இல் பிரெஞ்சுத் தலைவர் மித்திரானும் ஜேர்மனியத் தலைவர் கோலும் கைகோத்து மௌனமாக நின்றனர். 2018 ஆம் ஆண்டு நவம்பர் 10 இல் மக்ரோனும் மேர்க்கெலும் கொம்பியேன் காட்டுக்கு ஒன்றாகச் சென்று, அழிந்த பெட்டியை ஒத்த பெட்டியினுள்ளே அருகருகே அமர்ந்தனர். நாளும் இடமும் மாறவில்லை. நினைப்போரின் நோக்கமே மாறியது. என் இறந்தோரை மட்டும் எண்ணிய இரு நாட்டாரும் இருபுறத்து இறந்தோரையும் சேர்த்து எண்ணத் தலைப்பட்டனர்.

ஆதலின், போரின் நினைவு நாளைக் குறித்து மாணாக்கர் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று. இந்நாளை நினைப்பவர் யார்? எதன்பொருட்டு நினைக்கின்றனர்? அன்று மாண்ட மறு திறத்தாருக்கு அந்நினைவில் இடமுண்டா? ஒரே நாளை ஒரு சாரார் வெற்றி நாளாகவும் மறு சாரார் துயர நாளாகவும் கொள்ளும் நிலையை நம் நாட்டவராகிய நாமும் அறியாதவரல்லேம். இறந்தோரை மறத்தல் அறமன்று. அவர் பெயரால் மீண்டும் உயிர்களைப் பலிகொள்ளுதல் அதனினும் கொடிது. இரண்டிற்கும் இடைப்பட்ட வழி உண்டு என்பதற்குக் கொம்பியேன் காட்டின் புகையிரதப் பெட்டி சான்றாக நிற்கின்றது.