மணலேடும் கைபேசியும்

கோவளத்தை நபித்தோழர் தமீமுல் அன்ஸாரி (ரலி) அவர்களின் பெயரால் அமைந்த தர்காவைக் கொண்டு அறிவோர் பலர். 1752 இல் கிளைவ் கைப்பற்றித் தகர்த்த கோட்டையைக் கொண்டு அறிவோர் சிலர். நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது இவ்விரண்டையும் அல்ல. அக்கரை நெடுகக் கிடக்கும் மணலை. முன்னாளில் பிள்ளைகளுக்கு அதுவே முதல் ஏடு.

1789 இல் சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் அநாதைச் சிறுவர்க்கான இல்லம் ஒன்றின் பொறுப்பை ஏற்றார் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒருநாள் காலை குதிரைமீது செல்கையில், 'மலபார்ப் பள்ளி' ஒன்றில் சிறுவர்கள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதக் கண்டார். (அக்கால ஆங்கிலேயர் தமிழரையும் மலபாரிகள் என்றே வழங்கினர்.) அம்முறையைத் தம் இல்லத்தில் புகுத்த முனைந்தபோது உதவி ஆசிரியர்கள் இணங்கவில்லை. எனவே எழுத்தறிந்த ஒரு சிறுவனைக் கொண்டே இளையோருக்குக் கற்பித்தார். நம் திண்ணைப் பள்ளிகளுக்குச் சட்டாம்பிள்ளை புதியவன் அல்லன். ஆயினும் 1797 இல் பெல் இலண்டனில் வெளியிட்ட நூலுக்குப்பின் அது 'சென்னை முறை' என்று மேலைநாடுகளில் பெயர் பெற்றது. இலண்டனின் ஏழைப் பள்ளிகளிலும் மணல் பரப்பிய மேசைகள் இடம்பெற்றன.

ஓதும் பள்ளிகளின் மரப்பலகையும் இவ்வினத்ததே. பாடம் மனனமானதும் கழுவிவிடலாம். அண்ணன் ஓதிய பலகை தம்பிக்கு உதவும். கருவி இல்லாமையால் கல்வி இழந்தவன் என்று எவனையும் சொல்ல இடமில்லை.

ஆனால் கருவி எளிதாயிருந்ததால் கல்வி எல்லார்க்கும் பொதுவாயிருந்தது என்று எழுதுவது வரலாறாகாது. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 இல் ஆணையிட்டுத் திரட்டிய கணக்கின்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் பயின்றனர். அவர்களுள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. அச்சிறு தொகையிலும் 1,122 பேர் மலபார் மாவட்டத்து முஸ்லிம் சிறுமியர் என்பதை நம்மவர் அரிதாகவே எடுத்துக் கூறுகின்றனர். மணலுக்கு விலையில்லை, மணல் பரப்பிய திண்ணைக்கோ காவல் இருந்தது. சாதியால் தடுக்கப்பட்டோர் நிலை தனியே எழுதத்தக்கது.

நம் காலத்தில் நிலை தலைகீழாயிற்று. பள்ளி வாயில் திறந்தது. கருவிக்கு விலை ஏறியது. தமிழக அரசு 2006 இல் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தையும், 2011 இல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேனிலை மாணவர்க்கு மடிக்கணினித் திட்டத்தையும் தொடங்கியது. முன்னது வீட்டுக்கு, பின்னது மாணவர் கைக்கு. இவ்வேறுபாட்டின் பொருள் 2020 இல் பள்ளிகள் மூடப்பட்டபோது விளங்கிற்று. 2019 இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி வீடுதோறும் பாடம் சொல்லிற்று. ஆனால் ஐயம் கேட்கும் பிள்ளைக்கு அதனால் மறுமொழி தர இயலவில்லை. கைபேசி வகுப்போ கைபேசி உள்ளவர்க்கே. நாட்டின் ஊர்ப்புறங்களில் எடுத்த 'அசர்' ஆய்வின்படி, பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளுள் திறன்பேசி உள்ள வீட்டினர் 2018 இல் 36.5 விழுக்காடு, 2020 இல் 61.8 விழுக்காடு. வீட்டில் திறன்பேசி உண்டு என்பதாலேயே அது பிள்ளைக்குக் கிட்டியது என்றாகாது. ஒரே கைபேசி உள்ள மீனவர் வீட்டில் அது தந்தையோடு கடலுக்குப் போய்விடும். அது திரும்பியபின் அண்ணனுக்கா தங்கைக்கா என்னும் வழக்கில் தங்கை வெல்வது அரிது. மன்றோவின் 4,540 இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது.

2021 அக்டோபரில் அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கிய இடம், கோவளத்தினின்றும் தெற்கே இதே கரையில் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பம் என்னும் மீனவச் சிற்றூர். அதில் கருவி எதுவும் முதன்மை பெறவில்லை. மாலையில் தன்னார்வலர் ஒருவர் வீட்டருகே பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஒன்றரை மணி நேரம் வரை பாடம் சொன்னார். சட்டாம்பிள்ளையை நாடறிய முன்னிறுத்த ஒரு பாதிரியார் வேண்டியிருந்தது. இம்முறை ஒரு பெருந்தொற்று வேண்டியிருந்தது.